மூன்றில் வைத்த காற்று

காற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் உலகத்தில் யாருமே இல்லை என்று பாடப் புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவர்கள் புதுக்கோட்டையில் எங்கள் பெண்கள் விடுதிக்கு வந்ததில்லை. வந்திருந்தால், மாடிப்படி ஏறியதும் முதல் அறையில், ஜன்னலோரக் கட்டிலில் காலை மடித்துப் போட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைக் காட்டியிருப்போம். அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு நிற்காமல், கேட்டவர்களுக்குக் கேட்ட வேகத்தில் வரைந்தும் கொடுத்திருக்கிறாள்.

அவள் பெயர் ஃபேன். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவளே என் பக்கம் திரும்பி, “யாரடி தேடுறாக?” என்று கேட்பாள்.

ஊர் மீமிசல். அப்பாவுக்குக் கடல் தொழில், சொந்தமாக ஒரு படகு. நான் நார்த்தாமலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான் என்பதால் கல்லூரியில் என் தலை சற்று நிமிர்ந்தேதான் இருக்கும். என் தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் படங்களெல்லாம் அச்சில் வார்த்தது போல இருக்கும். வகுப்பே அதை வாங்கிப் பார்த்துத்தான் வரையும். ஃபேனும் வாங்குவாள். ஆனால் அவள் வரைந்து முடிக்கும்போது என்னுடைய செம்பருத்தி, மீமிசல் கடற்கரையில் நட்டுவைத்த செம்பருத்தியாகியிருக்கும்.

“என்னம்மா இது, பூ இப்படிச் சாஞ்சு கெடக்கு?” என்று லேப் மேடம் கேட்டார்.

“காத்து மேடம்.”

“நெடுக்குவெட்டுத் தோற்றம்மா இது. பூவைப் பிளேடால ரெண்டா வெட்டி மேசையில வச்சு வரையிறது. இதுல ஏது காத்து?”

“வெட்டுறதுக்கு முன்னாடி அடிச்சது மேடம்.”

மார்க் குறைந்தது. அடுத்த வாரம் தண்ணீருக்குள் வளரும் செடி. தண்ணீருக்குள் காற்று போகாது என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவள் அதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரத்தில் ‘நீரோட்டம்’ என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருந்தாள். மேடம் சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

ஃபேன் என்ற பெயர் வந்த கதைக்கு எங்கள் அறையின் மின்விசிறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்த நாளிலிருந்தே அது ஓடியதில்லை. கேட்டால் வார்டன் மேடம், “காயில் போயிருச்சும்மா. மேல சொல்லியிருக்கேன்” என்பார். மேலே என்றால் திருச்சி. விடுதியை நடத்துகிற டிரஸ்ட் அங்கேதான் இருந்தது. புதுக்கோட்டை வெயிலில் நின்றுகொண்டு அவர் ‘மேல’ என்று கையைத் தூக்கும்போதெல்லாம் எங்களுக்குச் சூரியன்தான் தெரியும்.

சும்மா தொங்குகிற பொருளுக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமல்லவா? கட்டில்மேல் ஏறினால் கை எட்டும். சாக்ஸ், கைக்குட்டை, தலைக்குக் கட்டுகிற ரிப்பன் இதையெல்லாம் காயப்போட அதைவிட நல்ல கொடி கிடையாது. மூன்று ரெக்கை, அறையில் மூன்று பேர். ஆளுக்கொரு ரெக்கையைப் பங்கு பிரித்துக்கொண்டோம். மூன்றாவது ஆள் செல்வி, விராலிமலைக்காரி. புத்தகத்தைத் திறந்ததும் தூங்கிவிடுவாள். அதனால் எங்களில் நல்ல ஓய்வோடு பரீட்சைக்குப் போகிறவள் அவள்தான்.

ஒரு பங்குனி மத்தியானம். சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருந்தது. ஃபேன் எழுந்து கட்டில்மேல் நின்று, “இந்தச் செவுத்துல கொஞ்சம் காத்து போட்டா என்ன?” என்றாள்.

“இரு, நான் போடுறேன்” என்று பென்சிலை வாங்கினேன். படம் என்றால் நான் அல்லவா? மூன்று வளைந்த கோடுகள் போட்டு, நுனியில் அழகாகச் சுழித்து விட்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து காற்றை அப்படித்தான் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “இது காத்தா, ஜாங்கிரியா?”

“நீ போடு பாப்போம்.”

“காத்த வரையக் கூடாதுடி. காத்துல மாட்டுனவன வரையணும்.”

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு மனிதனைப் போட்டாள். குச்சிக் கை, குச்சிக் கால், உருண்டைத் தலை. ஒரு கையில் பூப்போல மேல்நோக்கி விரிந்துவிட்ட குடை. இன்னொரு கையால் வேட்டியைப் பிடித்திருந்தான். வேட்டி என்பது இரண்டே கோடுதான். ஆனால் அந்த இரண்டு கோட்டுக்குள் அவன் படுகிற பாடு இருக்கிறதே! அடுத்து ஒரு கொடிக்கயிறு, அதில் ஒரு துப்பட்டா, கயிற்றை விட்டுப் போகத் துடிப்பதுபோல. அப்புறம் ஒரு கோழி.

“கோழிய முன்னாலேர்ந்து காத்து அடிச்சா ஒண்ணும் ஆவாது. பின்னாலேர்ந்து அடிக்கணும். அப்பப் பாக்கணும் அது மூஞ்சிய” என்றாள். நாலு கோட்டில் வால் இறகெல்லாம் தலைக்கு மேலே வந்துவிட்டது. அவ்வளவு அவமானப்பட்ட கோழியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்த பிறகும் எதையோ காணவில்லை என்பதுபோல நின்றாள். பிறகு மூலையில் கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி ஒன்றை வரைந்தாள்.

“இது என்னது?”

“ஒங்க ஊரு மலை. ஆடி மாசம் கிளாஸோட போனோம்ல? ஆளுக்கு ஒரு பக்கம் துப்பட்டாவப் புடிச்சுக்கிட்டு அலைஞ்சோம். அம்புட்டுக் காத்துலயும் அது ஒண்ணுதான் சும்மா கெடந்துச்சு. எல்லாமே ஆடுனா ஆடுறது தெரியாதுடி. ஒண்ணு அசையாம இருக்கணும். அப்பத்தான் காத்து தெரியும்.”

எங்கள் ஊர் மலையை யார் மதித்தாலும் எனக்குப் பெருமை பிடிபடாது. “சோழர் காலத்துக் கோயில் இருக்குடி அதுல. சும்மா சட்டி மாதிரி போட்டா எப்படி?” என்றேன்.

சட்டியின் மேல் ஒரு புள்ளி வைத்தாள். “அந்தா, கோயிலு.”

அந்த நேரம் பார்த்துச் செல்வி கண்விழித்தாள். சுவரைப் பார்த்தாள். “அம்மாடி, நல்லா வருது” என்று சொல்லிப் போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு திரும்பவும் தூங்கிப்போனாள். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் ஃபேன்.

பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் காற்று வாங்க வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் வாசலில் இருக்கும் செத்துப்போன ரெகுலேட்டரை ஒரு திருகு திருகி, “ஏ ஃபேனு, இன்னைக்கு வெக்கை தாங்கல, நாலுல வையி” என்பார்கள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுந்து போய், துப்பட்டாவை ரப்பரால் அழித்து இன்னும் நீளமாக வரைவாள். கோழி கொஞ்சம் குனியும். வேட்டி கொஞ்சம் ஏறும். ஐந்தில் வைக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவாள்.

“அஞ்சுல வச்சா இந்த மனுசன் மானம் போயிரும்.”

செல்வி போர்வைக்குள்ளிருந்து, “குளுருதுடி, ரெண்டுல வைங்கடி” என்பாள். அதற்கும் எழுந்து போய் அழித்து வரைவாள். மலையை மட்டும் எந்த வேகத்துக்கும் தொட மாட்டாள்.

வார்டன் மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. “ஏம்மா, இது செவுரா, ஒங்க அப்பா படகா? இஷ்டத்துக்குக் கிறுக்குற?” என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார். “மீமிசலுக்கு ஒரு போன் போடவா?”

அந்தக் கேள்விக்கு மட்டும்தான் ஃபேன் அடங்குவாள். அவளைப் படிக்க அனுப்பும்போது அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். விடுதியிலிருந்து புகார் என்று ஒரு போன் வந்தால், அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட வேண்டும். வீட்டில் அடுத்தடுத்து ஜாதகம் வந்துகொண்டிருந்த சமயம் அது. பெட்டியைக் கட்டினால் படிப்பையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டியதுதான். சும்மா சிரித்துக்கொண்டு திரிகிறவள் அதைச் சொல்லும்போது மட்டும் பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்.

கடைசி வருடம். சித்திரை வெயில். பல்கலைக்கழகப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. புத்தகத்தின் மேல் வியர்வை சொட்டி, கேள்விக்குப் பதில் எது, வியர்வை எது என்று தெரியாமல் படித்துக்கொண்டிருந்தோம். வார்டன் மேடம் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார்.

“ஏம்மா ஃபேனு” என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “சாயங்காலத்துக்குள்ள ரூம் போட்டோ அனுப்பணுமாம். செக்ரட்டரி சார் திருச்சியிலேர்ந்து வாட்ஸ்அப்ல கேக்குறாரு. எங்கெங்க ஃபேன் ஓடலையோ அங்க புதுசு மாட்டப் போறாங்களாம்.”

“நல்லதாப் போச்சு மேடம். எடுத்து அனுப்புங்க.”

“எப்படி அனுப்புறது? எல்லாம் ஓடுதுன்னு நான் ஏற்கனவே சொல்லிப்புட்டேன்.”

“ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க?”

“ஓடலைன்னு சொன்னா ஏன் ஓடலைன்னு கேப்பாருல்ல?”

மேடம் குரலைத் தாழ்த்தினார். “நீதான் காத்து போடுறவளாச்சே. செவுத்துல போட்டதெல்லாம் போதும். இப்ப ரூமுக்குள்ள போடு. பாத்தா ஃபேன் ஓடுற மாதிரி இருக்கணும்.”

ஃபேன் என்னைப் பார்த்தாள். அந்தப் போட்டோ போனால் புது மின்விசிறி வராது. மாடி முழுவதும் வெந்துகொண்டேதான் பரீட்சை எழுத வேண்டும். போகாவிட்டால் மீமிசலுக்குப் போன் போகும். மேடம் செல்போனைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு ஸ்பீடு மேடம்?” என்று கேட்டாள் ஃபேன்.

மேடம் யோசித்தார். “மூணுல வையி. அஞ்சுல வச்சா கரண்டு பில்லப் பத்திக் கேப்பாரு.”

மெஸ்ஸிலிருந்து ஒரு வாளி கஞ்சி வந்தது. என் துப்பட்டாவைக் கஞ்சியில் முக்கி, மொட்டைமாடியில் வளைத்துக் காயப்போட்டு எடுத்தாள். அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. அதை என் தோளில் பின் குத்தி நிறுத்தினாள். நான் அசைந்தால் கலகலவென்று சத்தம் கேட்டது. தினசரிக் காலண்டரின் தாள்களை ஈர்க்குச்சி கொடுத்து நிமிர்த்தினாள். செல்வியின் சடை நுனியில் கறுப்பு நூலைக் கட்டி ஜன்னல் கம்பியோடு இழுத்து முடிச்சுப் போட்டாள். “தூங்கிறாதடி, முடி வந்துரும்” என்று எச்சரித்தாள். செல்வி தன் வாழ்நாளில் முழு விழிப்போடு புத்தகம் பிடித்திருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

வேலையைப் பார்க்கப் பார்க்க மேடத்துக்கும் ஆசை வந்துவிட்டது. “நானும் நிக்கவாம்மா?” என்றார். முந்தானையைக் கஞ்சியில் நனைத்து வெயிலில் நின்று காயவைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் முந்தானை பலகை போல விறைத்து நின்றது. அறைக்குள் வர வாசல் பத்தவில்லை, பக்கவாட்டில் திரும்பித்தான் வந்தார்.

“ரெக்கை முழுசாத் தெரிஞ்சா நிக்கிறது தெரிஞ்சுபோயிரும். ஓரம் மட்டும் தெரியட்டும்” என்று சொல்லி, செல்போனைத் தானே வாங்கினாள் ஃபேன். அப்போதுதான் நான் மேலே பார்த்தேன். அந்த ரெக்கை ஓரத்தில் அவளுடைய ரோஜாப்பூப் போட்ட கைக்குட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓடாத மின்விசிறியைப் பார்த்துப் பார்த்து, அதில் துணி தொங்குவது எங்கள் யார் கண்ணுக்கும் தவறாகப் படாத காலம் அது. மேடம்கூட இரண்டு தடவை அண்ணாந்து பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

“எடுத்துரவா?” என்று அவள் காதில் கேட்டேன்.

என் கையைக் கிள்ளினாள். “இருக்கட்டும்டி. ஒண்ணு அசையாம இருக்கணும்ல.”

“மீமிசலுக்குப் போன் போவும்டி.”

“தெரியும். நெளியாம நில்லு.”

படம் எடுத்தாள். அந்தப் படத்தை என் செல்போனுக்கும் வாங்கிக்கொண்டேன். இன்றும் எடுத்துப் பார்ப்பதுண்டு. துப்பட்டா பறக்கிறது, காலண்டர் பறக்கிறது, சடை பறக்கிறது. வார்டன் மேடத்தின் முந்தானை அப்படியே திருச்சி வரைக்கும் பறந்துவிடும்போல இருக்கிறது. நானும் செல்வியும் மேடமும் கண்களைச் சுருக்கி நிற்பதைப் பார்த்தால் அறைக்குள் புயல் எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். மேலே, ஓடுகிற மின்விசிறியின் ரெக்கையில், ஒரு கைக்குட்டை தூக்குப் போட்ட கணக்காக நேராகத் தொங்குகிறது.

திருச்சியிலிருந்து முதலில் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. மேடம் மகிழ்ந்துபோய் எங்களுக்கு டீ சொன்னார். டீ வருவதற்குள் இன்னொரு செய்தி வந்தது. அதை அவர் சத்தமாகவே படித்துவிட்டார்.

“‘படம் நன்று. ஆனால் மின்விசிறியில் என்ன தொங்குகிறது? இவ்வளவு காற்றிலும் அது மட்டும் ஏன் ஆடவில்லை?’”

மேடம் அண்ணாந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முந்தானை இடிக்காமல் பக்கவாட்டில் திரும்பி வெளியே போய், மீமிசலுக்குப் போன் போட்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் அப்பா வந்தார். கையில் கருவாட்டுப் பொட்டலம், விடுதிக்கென்று. அந்த வாசனை ஆளுக்கு முன்னால் மாடிப்படி ஏறி வந்தது. மேடம் சுவரைக் காட்டிக் குற்றப்பத்திரிகை வாசித்தார். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் சிற்பத்தைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இந்த வேட்டிக்காரன் யாரு ஆத்தா?”

“நீங்கதாம்ப்பா.”

“நான் இம்புட்டு ஒல்லியாவா இருக்கேன்?” கொஞ்ச நேரம் இடுப்பு வேட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். “காத்து சரியாத்தான் இருக்கு. நல்ல கச்சான் காத்து.” மேற்கேயிருந்து அடிக்கிற காற்றை அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள்.

“அத ரசிக்கவா ஒங்கள வரச் சொன்னேன்?” என்றார் மேடம்.

“இல்லம்மா. சொன்ன சொல்லு சொன்னதுதான்.” மகளைப் பார்க்காமலேயே சொன்னார். “பொட்டியக் கட்டு ஆத்தா.”

ஃபேன் அசையவில்லை. “பரீட்சை இருக்குப்பா அவளுக்கு” என்று அவரை நானே அப்பா என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது. அண்ணாந்து அந்த மின்விசிறியைப் பார்த்தார். “இது எப்பலேர்ந்து ஓடல?”

“நாங்க வந்ததுலேர்ந்து” என்றாள் செல்வி.

“ஏம்மா, காலேசுலயும் வரக் கூடாதுன்னு சொல்லிட்டாகளா?”

“அது வேற, இது வேற” என்றார் மேடம் அவசரமாக.

“அப்பன்னா பஸ்ஸுல வந்து பரீட்சை எழுதட்டும். இங்க கெடந்து வேகுறதுக்கு, எங்கூருக் காத்துலயாச்சும் படிக்கட்டும்.” அப்புறம் மகளின் தலையில் கை வைத்தார். “ஜாதகத்தையெல்லாம் பரீட்சை முடியட்டும், பாத்துக்கிருவோம்.”

அவள் போன அடுத்த வாரமே புது மின்விசிறிகள் வந்தன. மாடி முழுவதும் மாட்டினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் எல்லா அறைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் எழுந்தது. எங்கள் அறையில் காலண்டர் தாள்கள் ஈர்க்குச்சி இல்லாமலே படபடத்தன. செல்வி ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாள். சுவரில் இருந்த மனிதன் மூன்றிலேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி, “இது ரொம்பச் சத்தம் போடுதுடி. அவ போட்ட காத்துக்குச் சத்தமே இருக்காது” என்றாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இருவரும் அதைப் பார்க்காத மாதிரி படித்துக்கொண்டிருந்தோம்.

பரீட்சை நாட்களில் அறந்தாங்கி வழியாக வரும் பஸ்ஸுக்காகப் புதிய பேருந்து நிலையத்தில் காத்திருப்பேன். ஜன்னல் சீட்டில்தான் வருவாள். இறங்கும்போது அவள் தலை, அவள் வரைந்த கோழியின் வாலைப் போல இருக்கும். “ஓசிக் காத்துடி, ஊருலேர்ந்து இங்கிட்டு வரைக்கும்” என்பாள். ஹாலுக்குப் போகிற வழியில் என் கேள்வி பதில்களை வாங்கிப் படித்துக்கொண்டே நடப்பாள். பாஸும் செய்தாள். என்னைவிடக் குறைந்த மார்க்தான். அதை நான் இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இப்போது நான் ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் தலைக்கு மேல் மின்விசிறி நன்றாக ஓடுகிறது. மேசையில் மனுக்களெல்லாம் படபடக்க, நடுவில் ஒரு கண்ணாடி பேப்பர் வெயிட் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் போன் போடத் தோன்றும். எண் மாறிவிட்டது. சென்னையில் வேலை என்கிறார் ஒருவர், கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள் என்கிறார் இன்னொருவர். செல்வியிடம் கேட்டால், “எங்கிட்டு இருந்தா என்ன, ஜன்னலோரமாத்தான் இருப்பா” என்கிறாள்.

கடைசிப் பரீட்சை முடிந்த சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். இருவரும் எதையெதையோ பேசினோம். பஸ் நகர்ந்தது. நானும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். அவள் தலையை வெளியே நீட்டி, கண்டக்டரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

“ஓடி வராதடி! அங்கனயே அசையாம நில்லு. அப்பத்தான் நான் போறது தெரியும்!”

கையை விட்டுவிட்டு நின்றேன். பஸ் திரும்பும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே அவள் துப்பட்டா நுனி பறந்துகொண்டிருந்தது, எப்படியும் நாலில் இருக்கும்.

நான் இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன்.